பழைய நெகட்டிவ்களைக் காமிராவாலேயே டிஜிட்டலாக்குவது எப்படி?

பீரோவின் அடித்தட்டில் ஸ்டுடியோ கவரோடு கிடக்கும் நெகட்டிவ்களைச் சாதாரண ஆபீஸ் ஸ்கேனரில் வைத்தால் கருப்புப் பட்டைதான் வரும். அந்த ஸ்கேனர் தாளில் பட்டுத் திரும்பும் ஒளியைப் படிக்கிறது. நெகட்டிவுக்கு ஊடுருவி வரும் ஒளி வேண்டும். ஆகவே கீழே விளக்கு, நடுவில் நெகட்டிவ், மேலே காமிரா. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (35 மி.மீ. சட்டகத்தைவிடச் சிறிய சென்சார் உள்ள) காமிராவில் 35 மி.மீ. நெகட்டிவை முழுச் சட்டகமாக எடுத்தால் அங்குலத்துக்குச் சுமார் 4,200 புள்ளிகள் கிடைக்கும். வீட்டு உபயோகத்துக்கு இது தாராளம்.

லென்ஸ்

60 மி.மீ. அளவில் மேக்ரோ லென்ஸ் இருந்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் காமிராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழாய்களான எக்ஸ்டென்ஷன் ட்யூப் செட் ஒன்றும் போதும். கணக்கு எளிது: ட்யூபின் நீளத்தை லென்ஸின் குவிய நீளத்தால் வகுத்தால் உருப்பெருக்கம். 36 மி.மீ. அகல நெகட்டிவை ஏபிஎஸ்-சி சென்சாரில் நிரப்ப 0.65 மடங்கு வேண்டும். 31 மி.மீ. ட்யூப் 0.62 தரும், மீதியை லென்ஸின் ஃபோகஸ் வளையமே கொடுத்துவிடும்.

ட்யூப் வாங்கும்போது மின்தொடர்பு ஊசிகள் உள்ளதையே வாங்குங்கள். ஊசி இல்லாத மலிவு ட்யூபில் கேனான் இஎஃப் லென்ஸை மாட்டினால் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துவாரம்) முழுதாகத் திறந்தே நிற்கும், படத்தின் ஓரங்கள் மங்கும். அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய மேனுவல் லென்ஸுக்கு மட்டும் மலிவு ட்யூப் போதும்.

விளக்கு

வரைவதற்கு விற்கும் எல்இடி டிரேசிங் பேட் போதும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ 95 அல்லது அதற்கு மேல் இருந்தால் கலர் நெகட்டிவ் நன்றாக வரும். வெளிச்சத்தை முழு அளவிலேயே வையுங்கள். குறைத்தால் பல பேட்கள் வேகமாக விட்டுவிட்டு எரியும், அது படத்தில் கோடுகளாகப் பதியும். எலெக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம், மெக்கானிக்கல் ஷட்டரே நல்லது.

நெகட்டிவை பேட் மேல் நேராக வைக்காதீர்கள். பேடின் புள்ளி வடிவமும் அதன் மேல் படிந்த தூசியும் படத்தில் விழும். 4 செ.மீ. உயரத்தில் நிறுத்துங்கள். கருப்புச் சார்ட் அட்டையில் 24க்கு 36 மி.மீ.யைவிடச் சற்றே பெரிய சன்னல் வெட்டி, அதைப் போலவே இன்னொன்று செய்து, இரண்டுக்கும் நடுவில் நெகட்டிவ் பட்டையை நுழைத்தால் சுருளாமல் படிந்திருக்கும். கண்ணாடிகளுக்கு இடையில் நசுக்க வேண்டாம். பளபளப்பான பக்கம் வழவழப்பான கண்ணாடியைத் தொட்டால் வானவில் நிற வளையங்கள் தோன்றும்.

சமமட்டம்: பெரும்பாலோர் தவறவிடும் இடம்

நெகட்டிவும் சென்சாரும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இந்த உருப்பெருக்கத்தில் எஃப் 8 வைத்தாலும் கூர்மையாக விழும் ஆழம் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். காமிரா 1 டிகிரி சாய்ந்தாலே நெகட்டிவின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 0.6 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். அதனால்தான் நடுவில் இருக்கும் மாப்பிள்ளையின் முகம் தெளிவாகவும் ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவின் முகம் மசமசவென்றும் வருகிறது. எஃப் 16 வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ட்யூப் மாட்டிய நிலையில் அது கிட்டத்தட்ட எஃப் 26 போல வேலை செய்யும், ஒளி வளைந்து மொத்தப் படமும் மழுங்கும்.

போனில் உள்ள மட்டம் பார்க்கும் ஆப்பை நம்ப முடியாது, போனின் முதுகில் லென்ஸ் மேடு இருக்கிறது. நம்பத்தக்கது முகம் பார்க்கும் சிறு கண்ணாடிதான், பெரிதாக்கிக் காட்டாத சமதளக் கண்ணாடியாக இருக்க வேண்டும். நெகட்டிவ் இருக்கும் இடத்தில் அதை வையுங்கள். டிரேசிங் பேடை அணைத்து அறை விளக்கைப் போடுங்கள். லைவ் வியூவில் கட்டக் கோடுகளை வரவழைத்துப் பார்த்தால் உங்கள் லென்ஸின் வட்டமே தெரியும். மங்கலாகத் தெரிந்தால் இந்தச் சோதனைக்கு மட்டும் அப்பர்ச்சரைச் சுருக்கி, காட்சி ஆழம் பார்க்கும் பொத்தானை அழுத்திக்கொள்ளுங்கள். வட்டம் சட்டகத்தின் சரியான நடுவில் இருந்தால் மட்டம் சரி. விலகியிருந்தால் காமிராவைத் தொடாதீர்கள், நெகட்டிவைத் தாங்கும் அடிப்பலகையின் ஒரு மூலைக்குக் கீழே மடித்த காகிதத்தைச் செருகிச் சரிசெய்யுங்கள். டிரைபாட் தலையைத் திருகித் திருகிப் பார்ப்பதைவிட இது பத்து மடங்கு எளிது. இருட்டறையில் பயன்பட்ட பழைய என்லார்ஜர் யாரிடமாவது சும்மா கிடந்தால் தலையைக் கழற்றிவிட்டு அதன் தூணில் காமிராவை மாட்டுங்கள். இதற்கு அதைவிட உறுதியான ஸ்டாண்ட் கிடையாது.

எடுப்பது

மேனுவல் மோட், ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ரா கோப்பு, 2 விநாடி டைமர். ஷட்டர் 1/15 விநாடி அல்லது அதைவிட மெதுவாக. மின்விசிறியை அணைத்துவிடுங்கள், மேசையும் பட்டையும் லேசாக அதிர்ந்தாலே போதும், கூர்மை போய்விடும். அறை விளக்கும் வேண்டாம். லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, படத்தில் உள்ள துகள்கள் தெரியும் வரை கையாலேயே ஃபோகஸ் செய்யுங்கள். பட்டையின் வெறுமையான ஓரம் ஹிஸ்டோகிராமின் (காமிரா காட்டும் வெளிச்ச வரைபடம்) வலது முனையை நெருங்கட்டும், தொடக்கூடாது.

நெகட்டிவில் எந்தப் பக்கம் மேலே? ஓரத்தில் அச்சாகியிருக்கும் எழுத்தும் எண்ணும் நேராகப் படிக்க வந்தால் பளபளப்பான பக்கம் உங்களைப் பார்க்கிறது, அப்படியே எடுக்கலாம். எழுத்து தேய்ந்துபோயிருந்தால் படத்தில் சட்டைப் பையைப் பாருங்கள். அது ஆளின் வலது மார்பில் இருந்தால் படம் இடவலம் மாறியிருக்கிறது.

நிறம் திருப்புவது

கருப்பு வெள்ளைக்கு ஜிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும். கர்வ் கோட்டின் இடது முனையை மேலேயும் வலது முனையைக் கீழேயும் இழுத்தால் பாசிட்டிவ். கலருக்கு இது உதவாது. நெகட்டிவின் ஆரஞ்சுத் திரை நீலச் சாயலாக மாறி வந்து நிற்கும். இலவச மென்பொருளான டார்க்டேபிளில் 2020இல் வந்த நெகாடாக்டர் என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். முதலில் நெகட்டிவ் இல்லாமல் பேடை மட்டும் ஒரு படம் எடுத்து, அதில் வெள்ளைச் சமநிலையைப் பிடித்து எல்லாப் படங்களுக்கும் ஒட்டுங்கள். டார்க்டேபிளின் ஃபில்மிக், பேஸ் கர்வ் என்ற கருவிகள் இரண்டையும் அணையுங்கள். பிறகு படத்துக்கு வெளியே உள்ள ஆரஞ்சு ஓரத்தைத் தொட்டுக் காட்டினால் கருவி அந்த ஆரஞ்சைக் கழித்துவிடும். இதற்காகத்தான் எடுக்கும்போது ஓரத்தில் ஒரு கீற்றையாவது சட்டகத்துக்குள் விட்டுவைக்க வேண்டும். ஒரே சுருளுக்கு இந்த அளவை ஒருமுறை எடுத்தால் போதும்.

பிறகு சேர்த்தது: 120 சுருள் (35 மி.மீ.யைவிட அகலமான பிலிம்)

அக்ஃபா கிளிக் 3 காமிராவில் எடுத்த சதுர நெகட்டிவ்கள், ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் இந்து சுருள்கள் பலரிடம் இன்னும் உள்ளன. அந்தச் சதுரம் சுமார் 56 மி.மீ. இருக்கும். ஏபிஎஸ்-சியில் 0.27 மடங்கு போதும் என்பதால் 31ஐக் கழற்றி 13 மி.மீ. ட்யூபை மாட்டுங்கள். அட்டைச் சன்னலையும் பெரிதாக வெட்டுங்கள்.

பிறகு சேர்த்தது: பூஞ்சணமும் புளித்த வாடையும்

தூசியை ரப்பர் ஊதியால் ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். வலை வலையாகப் பூஞ்சணம் படர்ந்த நெகட்டிவைத் தண்ணீரில் கழுவவே கூடாது. பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், முகத்தோடு சேர்ந்து வழிந்து போய்விடும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, பளபளப்பான பக்கத்தை மட்டும் துடையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி தண்ணீர் இருக்கிறது, அது வேண்டாம். எமல்ஷன் பக்கத்தில் (படம் பதிந்த, பளபளப்பில்லாத பக்கம்) இருப்பதைக் கணினியிலேயே நீக்குங்கள்.

கவரைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அசிட்டேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. வெளிவரும் அமிலம் சிதைவை இன்னும் வேகப்படுத்தும், பக்கத்துச் சுருள்களுக்கும் ஆபத்து. அதைத் தனியாகப் பிரித்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைக்காமல் காகித உறையில் வையுங்கள். வரிசையில் முதலில் படமெடுக்க வேண்டியது அந்தச் சுருள்தான்.