ஐம்பது வயதுக்குப் பிறகு கறுப்பு அங்கி: இரண்டாவது தொழிலாக வழக்கறிஞர் பணிக்கு வருவோர் அறிய வேண்டியவை

வங்கியிலோ அரசுத் துறையிலோ பள்ளியிலோ பல ஆண்டுகள் பணியாற்றி, பின்னர் சட்டம் படித்து, நரைத்த தலையுடன் ஜூனியராக வருபவர்கள் இன்று மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் அரிதானவர்கள் அல்லர். நானும் அவர்களில் ஒருவன். இருபத்தேழு ஆண்டுகள் வங்கியில், பெரும்பாலும் கடன் பிரிவில் இருந்துவிட்டு, ஐம்பதாம் வயதில் விருப்ப ஓய்வு பெற்று, மூன்றாண்டுச் சட்டப் படிப்பை முடித்து, 2021ஆம் ஆண்டு தென்மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் பணியைத் தொடங்கினேன். சட்டத்தைக் கல்லூரி ஓரளவு கற்றுக்கொடுத்துவிடுகிறது. மேலாளராக இருந்தவர் மறுபடியும் ஒன்றும் தெரியாதவராக நிற்பது எப்படி என்பதை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. இந்த வழிகாட்டி அதற்காகவே எழுதப்படுகிறது.

நுழைவுக்கு முன்

வயது தடையாகுமோ என்ற அச்சம் தேவையற்றது. 45 வயதைக் கடந்தவர்களை வழக்கறிஞராகப் பதிவு செய்யக் கூடாது என்று வழக்கறிஞர் தொழிலை முறைப்படுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சில் வகுத்த விதியை உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டிலேயே செல்லாது என்று அறிவித்துவிட்டது. சட்டப் படிப்பை அஞ்சல் வழியில் முடிக்க இயலாது. 70 விழுக்காடு வருகைப் பதிவு தேவை என்பதால், முழுநேர வேலையில் இருந்துகொண்டே படித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பதிவுக்குப் பிறகும் முழுநேரச் சம்பளப் பணியில் இருப்பவர் வழக்கு நடத்த அனுமதியில்லை. ஓய்வூதியம் பெறுவதற்குத் தடையில்லை. பதிவுக் கட்டணமாக வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஆம் பிரிவு குறிப்பிடும் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியலினத்தவர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்துள்ளது. வழக்கு நடத்த அகில இந்திய பார் தேர்விலும் தேர்ச்சி பெற வேண்டும்.

ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்கச் சுற்றறிக்கை அனுப்புமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. இளம் பட்டதாரிகளுக்கு இது மிகவும் அவசியமான ஒன்று. ஆனால் உங்கள் குடும்பச் செலவை அதை நம்பித் திட்டமிட வேண்டாம். மூன்று ஆண்டுகளுக்குத் தொழிலிலிருந்து எதுவும் வராது என்று வைத்துக்கொண்டு சேமிப்பை ஒதுக்குங்கள். பணத்துக்காக அவசரப்படுபவர் தனக்குத் தெரியாத வழக்கையும் ஏற்றுக்கொள்வார். அதன் விலையைக் கட்சிக்காரர்தான் கொடுக்க நேரிடும்.

சீனியரும் குமாஸ்தாவும்

சீனியரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய புகழைவிட அவரது அலுவலகத்தில் நடப்பில் உள்ள வழக்குக் கட்டுகளின் எண்ணிக்கையையும், உரிமையியல், குற்றவியல் வழக்குகள் இரண்டும் அங்கு இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். அவர் உங்களைவிட இளையவராக இருப்பதை ஒரு பொருட்டாக எண்ண வேண்டாம். என் சீனியர் என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். முதல் நாள் அவர் என்னைச் ‘சார்’ என்று அழைத்தார், நானும் அவரைச் ‘சார்’ என்றே அழைத்தேன், இன்றுவரை அப்படித்தான். ஆனால் நீதிமன்றத்தில் அவர் எழுந்து நிற்கும்போது கட்டைப் பிரித்து உரிய பக்கத்தை எடுத்துக் கொடுப்பவன் நான். இந்த ஒழுங்கில் எனக்கு ஒரு நாளும் குழப்பம் இருந்ததில்லை.

அந்த அலுவலகத்தில் எனக்கு உண்மையான ஆசிரியராக அமைந்தவர் குமாஸ்தா. நீதிமன்றக் கட்டணத்தை எப்படிக் கணக்கிடுவது, சம்மனைச் சேர்ப்பிப்பதற்கான கட்டணமான பேட்டாவைக் கட்டும் கெடு எப்போது முடிகிறது, நகல் மனு எந்தப் பிரிவில் தேங்கி நிற்கும் என்பவற்றையெல்லாம் அவர் அறிவார். என்னை அவர் ‘ஐயா’ என்று அழைத்ததால், நான் கேட்காமல் அவராக எதையும் திருத்த மாட்டார் என்பதைச் சில வாரங்களில் புரிந்துகொண்டேன். வயதில் மூத்த தொடக்கக்காரருக்கு உள்ள பெரிய இடர் இதுதான்: மரியாதை காரணமாக மற்றவர்கள் அவருடைய தவறுகளைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எனவே, “அண்ணாச்சி, இதில் என்ன குறை இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்று ஒவ்வொரு வரைவையும் நீங்களே அவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். அவர் குறை சொன்னதும், ஏன் அப்படி எழுதினீர்கள் என்று விளக்கத் தொடங்காதீர்கள். விளக்கம் கேட்ட குமாஸ்தா மறுமுறை குறை சொல்ல மாட்டார்.

நான் தயாரித்த முதல் வழக்குரை (வழக்குத் தொடரத் தாக்கல் செய்யும் மனு) மூன்று முறை ரிட்டர்ன் ஆனது, அதாவது குறைகளைச் சுட்டி நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. வழக்குமூலம், அதாவது வழக்குத் தொடரக் காரணம், எழுந்த தேதிகள் இல்லை. சொத்து விவரத்தில் கொடுத்த சர்வே எண் கிரயப் பத்திரத்துடன் பொருந்தவில்லை. நான்கு எல்லைகளில் ஒன்று விடுபட்டிருந்தது. 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தில் எந்தப் பிரிவின்படி மதிப்பிட்டேன் என்று குறிப்பிடவில்லை. லட்சக்கணக்கான ரூபாய்க் கடன்களுக்கு ஒப்புதல் அளித்த எனக்கு அந்தத் தாளைக் கையில் வாங்குவது மிகவும் கடினமாக இருந்தது. அன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, என் மனுக்கள் மட்டுமின்றி அலுவலகத்திலிருந்து போய்த் திரும்பிய ஒவ்வொரு மனுவும் எதற்காகத் திரும்பியது என்பதைத் தேதியுடன் எழுதத் தொடங்கினேன். ஓராண்டில் அது தொண்ணூறு பக்கங்களைத் தாண்டியது. முதலாண்டில் நீங்கள் செய்யக்கூடிய வேலைகளில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரியவில்லை.

பழைய தொழில் உதவும் இடமும் தடுக்கும் இடமும்

வில்லங்கச் சான்றைப் படிப்பது, அடமானப் பத்திரங்களின் தொடர்ச்சியைச் சரிபார்ப்பது, காசோலை திரும்பியதும் 30 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது, கணக்கு விவரத்தைச் சான்றாக்க 1891ஆம் ஆண்டின் வங்கியர் புத்தகச் சான்றுச் சட்டப்படி சான்றளிப்பது ஆகியவை எனக்கு முன்னரே தெரிந்திருந்தன. இவை உதவின. ஆனால் வங்கியில் குறிப்பு எழுதும் பழக்கம் தடையாக நின்றது. கடன் குறிப்பில் சாதகம், பாதகம், ஆதாரம், பரிந்துரை அனைத்தையும் எழுதுவோம். வழக்குரையிலோ முக்கியமான நிகழ்வுகளை மட்டுமே கூற வேண்டும், அவற்றை நிரூபிக்கும் சான்றுகளை விவரிக்கக் கூடாது என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆறாம் கட்டளையிலேயே இருக்கிறது. தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்திருந்தும், என் கை பழைய வழியிலேயே எழுதியது. ஆகவே, உங்கள் முந்தைய தொழிலில் எந்தப் பழக்கம் மிக ஆழமாகப் பதிந்திருக்கிறதோ, அதையே முதலில் சந்தேகியுங்கள். ஆசிரியராக இருந்தவர் நீதிபதிக்குப் பாடம் நடத்தத் தொடங்குவதையும், வருவாய்த் துறையில் இருந்தவர் பட்டாவை உரிமைக்கான முடிவான ஆவணமாக நினைத்து வாதிடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். முதல் ஆறு மாதங்களுக்கு ‘எங்கள் ஆபீஸில்’ என்று தொடங்கும் வாக்கியம் எதையும் பேசாமல் இருப்பது நல்லது.

2024 ஜூலை 1 அன்று மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது நீதிமன்றம் முழுவதுமே தொடக்க நிலைக்குத் திரும்பியது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் கொலைக்கான தண்டனையைக் கூறிய 302ஆம் பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. மோசடிக்குரிய 420 இப்போது 318(4). எண்கள் இடம் மாறியது இன்னும் சிக்கலானது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைக் குறித்த 482 புதிய நடைமுறைச் சட்டத்தில் முன்ஜாமீனைக் குறிக்கிறது. ஊரறிந்த 144 தடை உத்தரவு 163 ஆகிவிட்டது. 144 இப்போது ஜீவனாம்சத்துக்கு உரியது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்துவதால் இரண்டையும் அறிந்திருப்பது கட்டாயம். முப்பதாண்டு அனுபவம் உள்ளவர்கள் கையில் அட்டவணையை வைத்துக்கொண்டு நிதானமாகத் தேடிப் பார்த்ததை அருகிலிருந்து கண்டேன். நான் அதுவரை வெட்கத்துடன் மறைத்து வைத்திருந்த குறிப்புத் தாளை அன்று முதல் மேசை மீது வைத்தேன்.

முதன்முறை எழுந்து நிற்கும்போது

காலையில் அன்றைய வழக்குகளை வரிசையாக அழைக்கும் கால் வொர்க் தொடங்கும் முன்பே சென்று, உங்கள் வழக்கு இல்லாத நீதிமன்றத்திலும் உட்கார்ந்து கேளுங்கள். எந்தக் காரணத்துக்கு வாய்தா கிடைக்கிறது, எதற்கு நீதிபதி முகம் சுளிக்கிறார் என்பது புத்தகத்தில் இல்லை. சீனியருக்காகப் பாஸ் ஓவர் (வழக்கைச் சற்று நேரம் கழித்து எடுக்கும்படியான கோரிக்கை) கேட்க எழுந்தாலும், வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, சென்ற வாய்தாவில் என்ன நடந்தது, இன்று எதற்காகப் போடப்பட்டிருக்கிறது என்ற மூன்றையும் அறிந்துகொண்டு எழுங்கள். ஒருமுறை, “சம்மன் சேர்ந்துவிட்டதா?” என்று நீதிபதி கேட்டபோது, சேர்ந்திருக்கும் என்ற ஊகத்தில் ஆம் என்று கூறிவிட்டேன். அது சேரவில்லை என்பது அவர் கையிலிருந்த கட்டிலேயே இருந்தது. மேலாளர் நாற்காலியில் ஊகித்துப் பதில் கூறினால், பின்னர் திருத்திக்கொள்ள அவகாசம் உண்டு. இங்கே அது எதிர்த்தரப்பினரின் உரிமையைப் பறித்துவிடக்கூடும். “கட்டைப் பார்த்துச் சொல்கிறேன் ஐயா, பாஸ் ஓவர் வேண்டும்” என்ற வாக்கியத்தை வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். இயல்பாக வருவதற்கு எனக்குச் சில மாதங்கள் பிடித்தன.

நரைத்த தலையைப் பார்த்துக் கட்சிக்காரர்கள் உங்களையே சீனியர் என்று எண்ணி ஆலோசனை கேட்பார்கள். அது மனத்துக்கு இதமாகவே இருக்கும். அப்போதே திருத்திவிடுங்கள். எதிர்வழக்குரைக்கு (பிரதிவாதியின் பதிலுரைக்கு) 30 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை என்பது போன்ற கெடுக்களில் நீங்கள் தவறாகச் சொல்லும் ஒரு வார்த்தை அவருடைய வீட்டையோ நிலத்தையோ பாதிக்கும். “நான் இங்கே ஜூனியர், சார் வந்ததும் கேட்டுக்கொள்வோம்” என்று சொன்னதால் எந்தக் கட்சிக்காரரும் என்னை மதிக்காமல் போனதில்லை.

உங்கள் பெயரில் முதல் வக்காலத்து பெரும்பாலும் உறவினரிடமிருந்தோ பழைய சக ஊழியரிடமிருந்தோதான் வரும். அதை ஏற்கும் முன் அந்தப் பரிவர்த்தனையில் உங்கள் கையெழுத்து எங்கேனும் இருக்கிறதா என்று பாருங்கள். தான் சாட்சியாக அழைக்கப்படலாம் என்று கருதக் காரணம் உள்ள வழக்கில் வழக்கறிஞர் ஆஜராகக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. நான் மேலாளராக இருந்தபோது வழங்கிய கடன் ஒன்றின் தொடர்பாக என்னிடம் வந்த முதல் வழக்கை அந்தக் காரணத்தால் திருப்பிக் கொடுத்தேன். எட்டு மாதங்களுக்குப் பிறகு வந்த இரண்டாவது வழக்கு ஒரு பாதைத் தகராறு. அதன் வழக்குரை ஒரே ஒருமுறைதான் ரிட்டர்ன் ஆனது.