பழைய வீட்டு மாடியில இருக்கற பைன் பலகைத் தளத்தை பிடுங்காம காப்பாத்தறது எப்படி

சென்னையில ராயபுரம், மண்ணடி, முத்தியால்பேட்டை பக்கம் விக்டோரியா ராணி காலத்து வீடுங்க இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு, அதுல சில வீட்ல மாடி ரூம்ல ரெட் ஆக்ஸைடு இல்லாம மரப்பலகை அடிச்ச தளம் இருக்கும், மேல பழைய பெயிண்ட், அதுக்கும் மேல யாரோ ஒட்டின லினோலியம்னு மூடி கெடக்கும். யாரைக் கூப்ட்டு காட்டினாலும் முதல் பேச்சே "பிடுங்கிட்டு டைல்ஸ் போட்ருங்க சார்"தான். அவசரப்படாதீங்க. 2 அங்குலத்துக்கு சிமெண்ட் கலவை போட்டாலே ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 100 கிலோ ஏறிடும், டைல்ஸ் வெயிட் தனி, பலகைய மட்டும் தாங்கறதுக்குன்னு போட்ட பழைய கட்டை அதைத் தாங்குமான்னு இன்ஜினியர் பாத்து சொல்லாம அந்த பக்கமே போகக்கூடாது.

முதல்ல என்ன மரம்னு தெரிஞ்சுக்கங்க. எல்லா பழைய மரமும் பர்மா தேக்குன்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை இருக்கு, ஆனா பைன் மாதிரி சாஃப்ட்வுட்டும், அதாவது மெத்துனு இருக்கற மரமும், கப்பல்ல வந்திருக்கு. மூலையில பெயிண்ட்டை ஒரு ரூபா காசு அளவுக்கு சுரண்டிட்டு கட்டைவிரல் நகத்தால அழுத்துங்க. தேக்குல லேசுல தடம் விழாது, பைன்ல பிறை மாதிரி தெளிவா பதியும், நிறம் வெளிர் மஞ்சள், அங்கங்க வட்டமா முடிச்சு, சுரண்டின இடத்துல லேசா டர்பண்டைன் வாசனை கூட வரும். இங்கிலாந்துல அந்தக் காலத்து சாதாரண வீடுங்கள்ல போட்டது பெரும்பாலும் இந்த மரம்தான், விலை கம்மி, நடுவுல கம்பளம் விரிச்சிட்டு சுத்தி தெரியற ஓரத்துக்கு மட்டும் கருப்பா ஸ்டெயின், அதாவது மரத்துல ஊறற சாயம், அடிச்சு விட்ருவாங்க. உங்க ரூம்லயும் சுவரை ஒட்டி கருப்பு பட்டை தெரிஞ்சா அது அழுக்கு இல்ல, அந்த ஸ்டெயின்தான்.

நான் முக்கியமா சொல்ல வந்தது ஒண்ணுதான், சாஃப்ட்வுட்ட எவ்ளோ கம்மியா தேய்க்கிறோமோ அவ்ளோ நல்லது. பலகையோட பலகை நாக்கும் பள்ளமுமா கோத்திருந்தா அந்த நாக்குக்கு மேல இருக்கற மரம் சுமாரா 6 மில்லிமீட்டர்தான், ஏற்கனவே ஒருத்தர் தேய்ச்சிருந்தா அதுவும் இருக்காது. மரத்தைத் தேய்க்கற கனமான சாண்டிங் மிஷின் ஒரு இடத்துல நின்னுட்டா போதும், பள்ளம் விழுந்துரும், திரும்ப வராது. மார்பிள் பாலிஷ் போடற ஆளு தண்ணி ஊத்தி தேய்க்கற மிஷினோட வந்தா வாசல்லயே அனுப்பிருங்க.

பெயிண்ட்ல கை வைக்கறதுக்கு முன்னாடி ஈயத்தை மனசுல வெச்சுக்கங்க. நம்ம நாட்ல வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல கூடாதுன்னு சட்டம் அமலுக்கு வந்ததே 2017 கடைசியிலதான், அதனால பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்குன்னே வெச்சுக்கிட்டு வேலை பாருங்க. காய்ஞ்ச பெயிண்ட்ட சாண்ட் பேப்பர் போட்டு தேய்க்காதீங்க, நெருப்பு காட்டி உரிக்காதீங்க. ஸ்ப்ரேயர்ல தண்ணி லேசா அடிச்சு ஈரம் பண்ணி ஸ்க்ரேப்பரால சுரண்டுங்க, என்95 மாஸ்க் கட்டாயம், சின்ன பசங்க, மாசமா இருக்கறவங்க அந்த வேலை முடிஞ்சு ஈரத்துணியால துடைக்கற வரைக்கும் அந்த மாடிக்கே வரக்கூடாது. காஸ்டிக் சோடா போட்டா சீக்கிரம் போயிரும்னு சொல்வாங்க, பெயிண்ட் போறது நிஜம், ஆனா பைன் கருத்து நார் நாரா எழும்பி நிக்கும்.

அடுத்தது கரையான், அப்புறம் மரத்தைத் துளைக்கற உளுப் பூச்சி. ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்து பலகை முனை, சுவர் ஓரம், முக்கியமா பலகைய தாங்கற கட்டை சுவருக்குள்ள போற இடம் எல்லாத்தையும் குத்திப் பாருங்க, ஏன்னா சுண்ணாம்புச் சுவர் ஈரம் இழுக்கும், கட்டை முனைதான் முதல்ல உளுக்கும், மேல பலகை பளபளன்னு இருக்கும் அடியில ஒண்ணுமே இருக்காது. சின்ன ஓட்டையில இருந்து மாவு மாதிரி தூள் புதுசா கொட்டுதுன்னா பூச்சி உள்ள உயிரோட இருக்குன்னு அர்த்தம். தூளை பெருக்கிட்டு கருப்பு பேப்பர் விரிச்சு ஒரு வாரம் கழிச்சு பாத்தா சந்தேகம் தீர்ந்துரும். கட்டை முனை போயிருந்தா அது ஆசாரியும் இன்ஜினியரும் சேந்து பாக்க வேண்டிய வேலை, நாமளா கை வைக்கக்கூடாது.

ஒண்ணு ரெண்டு பலகை மட்டும் போயிருந்தா புதுப் பலகை வாங்காதீங்க, நிறமும் ஒத்து வராது கனமும் ஒத்து வராது. அலமாரி அடியில, கட்டில் அடியில இருக்கற நல்ல பலகைய எடுத்து நடுவுல போட்டுட்டு, வால்டாக்ஸ் ரோடு பக்கம் மரக்கடைங்கள்ல பழைய பைன் கிடைக்குதான்னு விசாரிச்சு அதை அலமாரி அடிக்கு போடுங்க. கிறீச்னு சத்தம் போடற பலகைக்கு ஆணி அடிச்சு பிரயோஜனம் இல்ல, கட்டை எங்க ஓடுதுன்னு பழைய ஆணி வரிசைய வெச்சு கண்டுபிடிச்சு ஸ்க்ரூ போடுங்க, அடியில வயர் போகுதான்னு முதல்ல பாத்துருங்க. காசிமேடு பக்கம் கடல் காத்து படற வீட்ல சாதா இரும்பு ஸ்க்ரூ சீக்கிரம் துரு பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்குங்க, செம்புதாஸ் தெருவுல கிடைக்கும்.

ஆணியைப் பத்தி ஒரு வார்த்தை. பழைய ஆணி இப்போ வர்ற உருண்டை ஆணி மாதிரி இருக்காது, பட்டையா, செவ்வக தலையோட இருக்கும், சுத்தி மரத்துல துரு இறங்கி கருப்பா ஒரு வளையம் கட்டியிருக்கும். அதைப் பிடுங்க வேண்டாம், பிடி ரொம்ப நல்லா இருக்கும். பஞ்ச் (ஆணித் தலைய உள்ள தள்ளற இரும்புக் குச்சி) வெச்சு 3 மில்லிமீட்டர் உள்ள இறக்கிருங்க, ஒவ்வொண்ணா, கையால தடவித் தடவி. ஒரே ஒரு தலை மேல நின்னாலும் சாண்டிங் பெல்ட் கிழிஞ்சுரும், பொறியும் பறக்கும்.

இப்போதான் தேய்க்கறது. முதல்ல மினரல் டர்பண்டைன் தொட்ட ஸ்டீல் வுல்லால ஒரு மூலைய துடைச்சுப் பாருங்க, பழைய மெழுகு பாலிஷ் மட்டும்தான் இருக்குன்னா அதுலயே மரம் வெளிய வந்துரும், சாண்டிங்கே தேவைப்படாது. தேவைன்னா 60 கிரிட் சாண்ட் பேப்பர்ல (நம்பர் கம்மியா இருந்தா சொரசொரப்பு ஜாஸ்தி) ஆரம்பிங்க, பழைய ஸ்டெயின் பிடிவாதமா இருந்தா மட்டும் 40, அப்புறம் 80, கடைசியா 100, நடுவுல ஒரு நம்பரையும் தாண்டாதீங்க. எப்பவும் ரேகை ஓடற திசையில, மிஷின் நகர்ந்துகிட்டே இருக்கணும். பைன்ல பிசின் இருக்கறதால பேப்பர் சீக்கிரம் அடைச்சுக்கும், அடைச்ச பேப்பர் மரத்தை வெட்டாது, சூடாக்கி கருக்கத்தான் செய்யும், பேப்பர்ல கஞ்சத்தனம் வேண்டாம்.

பலகைக்கு நடுவுல இருக்கற இடுக்குதான் எல்லாரும் கேக்கறது. கத்திரி வெயில்ல மரம் சுருங்கி இடுக்கு பெருசா தெரியும், அப்போ லப்பம் வெச்சு இறுக்கமா அடைச்சுட்டா ஐப்பசி மழையில பலகை ஊதறப்போ போக இடம் இல்லாம ஓரம் தூக்கிக்கும், இல்லன்னா லப்பம் நொறுங்கி வெளிய வரும். சின்ன இடுக்கை அப்படியே விடுங்க. காசு விழுந்தா உள்ள போற அளவுக்கு இருந்தா பைன்லயே மெல்லிசா ரீப்பர் (நீளமான பட்டைக் குச்சி) சீவி ஒரு பக்கம் மட்டும் கம் தடவி இறக்குங்க, மறு பக்கம் சும்மா இருக்கட்டும், பலகை நகர்றதுக்கு வழி வேணும்.

ஃபினிஷ் உங்க இஷ்டம்னாலும் என் கருத்து, வெயில் காலத்துல ஆரம்பிங்க, மழை நாள்ல வேண்டாம். காத்துல ஈரம் இருந்தா அரக்கு பாலிஷ் வெள்ளையா பூத்துரும், ஆயில் நாள் கணக்குல பிசுபிசுக்கும். ஆள் நடமாட்டம் அதிகம்னா பாலியூரித்தேன் வார்னிஷ், மூணு கோட் மெல்லிசா. கொஞ்சம் அமைதியான ரூம்னா ஆளி விதை எண்ணெய் கலந்த வேக்ஸ் ஆயில், பிற்பாடு தேஞ்ச இடத்துல மட்டும் திரும்ப தடவிக்கலாம், மொத்தமா உரிக்க வேண்டாம், எனக்கு இதுதான் பிடிக்கும். கலர் ஸ்டெயின் நேரா பைன்ல போட்டா திட்டு திட்டா இழுக்கும், முதல்ல நீர்த்த அரக்கு ஒரு கோட் குடுத்துட்டு, வேண்டாத துண்டுல போட்டுப் பாத்துட்டு அப்புறம் தளத்துல போடுங்க.

இதை மட்டும் மறந்துராதீங்க, ஆளி விதை எண்ணெய் துடைச்ச துணிய சுருட்டி மூலையில போட்டா தானா சூடேறி தீப்பிடிக்கும், இது நிஜமாவே நடக்கற விஷயம். கொல்லையில விரிச்சு காய வைங்க, இல்ல தண்ணி வாளியில முக்கி வைங்க.

முடிஞ்சப்புறம் பக்கெட் தண்ணி ஊத்தி கழுவற பழக்கத்தை அந்த ரூம்ல விட்ரணும். பெருக்கிட்டு நல்லா பிழிஞ்ச துணியால துடைச்சா போதும், மேஜை நாற்காலி காலுக்கு அடியில ஃபெல்ட் ஒட்டிருங்க, வாசல்ல ஒரு மிதியடி போட்டு மணல் உள்ள வராம பாத்துக்கங்க.