பொதி இறக்கியதும் முதுகைத் தடவிப் பாருங்கள்

தேனி மாவட்டத்துப் போடிக்கு மேலே, மலையில் குரங்கணி, கொட்டக்குடிப் பக்கம் சுமை ஏறுகிற எல்லாவற்றையும் குதிரை என்றுதான் சொல்வோம். கோவேறு கழுதையும் அதில் அடக்கம். அப்பன் கழுதை, அம்மா குதிரை. வெள்ளைக்காரன் காலத்தில் மலை உச்சி டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலை ரோப்பில், அதாவது கம்பி வடத்தில், தொங்கிக்கொண்டு கொட்டக்குடிக்கு இறங்கியதாம். இப்போது ஏலமும் காப்பியும் இவற்றின் முதுகில்தான் இறங்குகின்றன.

நாலு வயது முடியாத உருப்படிக்கு முழுச் சுமை வேண்டாம், எலும்பு முற்றியிருக்காது. பொதிக்குப் பழக்கும்போது முதல் வாரம் கயிறும் கையும் போதும். இடப்பக்கம் நின்று கழுத்தில் தொடங்கி முதுகு, வயிறு, கால் என்று தடவிக்கொண்டே போக வேண்டும். காதைத் தொட அவசரப்படாதீர்கள். நின்றுவிட்டால் அடிக்கவும் கூடாது. பாதையில் எதையோ பார்த்துவிட்டுத்தான் நிற்கும். அடி வாங்கிய இடத்தை அது மறக்காது, மறுநாளும் அங்கேயே நிற்கும்.

அடுத்து வெறும் சேணம். அப்புறம் இருபுறமும் இலவம் பஞ்சு மூட்டை. கனமே இருக்காது, ஆனால் அகலம் இருக்கும். மரத்தில் இடித்து இடித்துத் தன் அகலத்தைத் தானே கற்றுக்கொள்ளும். அது பழகியதும் பக்கத்துக்கு 10 கிலோ. முன்னால் மணி கட்டிய வயதான பெட்டைக்குதிரை ஒன்றை நடக்கவிட்டால் பாதி வேலை முடிந்தது, மணிச் சத்தத்தின் பின்னாலேயே வந்துவிடும்.

1965ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்பு விதிப்படி கோவேறு கழுதைக்கு 200 கிலோ வரை ஏற்றலாம். அது சட்டம். எங்கள் ஏற்றத்தில் நான் 80 கிலோவைத் தாண்டமாட்டேன். அதிலும் இரண்டு பக்கமும் தராசில் நிறுத்துச் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 3 கிலோ கூடினாலும் சேணம் சாய்ந்து, முதுகெலும்பில் ஏறி உட்கார்ந்துவிடும். சேணத்துக்கு அடியில் இருபுறமும் இருக்கும் இரண்டு மெத்தைக்கும் நடுவே, எலும்புக்கு மேலே, விரல் நுழையும் சந்து எப்போதும் தெரிய வேண்டும்.

சேணத்தை வயிற்றோடு கட்டும் வாரை இறுக்கும்போது வயிற்றை உப்பிக்கொண்டு ஏமாற்றும். பத்தடி நடத்திவிட்டு மறுபடி இறுக்குங்கள். முன்னங்கால் இரண்டையும் ஒருமுறை முன்னே இழுத்துவிட்டால் வாருக்கு அடியில் மடிந்த தோல் நீவிக்கொள்ளும். கோவேறு கழுதைக்குத் தோள்மேடு, அதாவது கழுத்தும் முதுகும் சேரும் இடத்து மேடு, குறைவு, இறக்கத்தில் சேணம் கழுத்துக்கு ஓடும். அதனால் சேணத்திலிருந்து வாலடியைச் சுற்றிப் போகும் வால்வார் கட்டாயம். அதில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிவிடுங்கள், வாலடி புண்ணாகாது.

ஊர் வந்ததும் சேணத்தைச் சட்டென்று உருவாதீர்கள். சுமையை இறக்கி, வாரைத் தளர்த்தி, கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். சூடான முதுகில் அழுத்தம் ஒரேயடியாக விலகினால் வீங்கும். பிறகு எடுத்துப் பாருங்கள். முதுகு முழுக்க வேர்வை நனைந்திருந்தால் சரி. ஈரத்துக்கு நடுவே உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு தெரிந்தால் மெத்தை அந்த இடத்தில்தான் அழுத்துகிறது. அங்கே பஞ்சைக் குறைக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தடவுங்கள். விரல் பட்டதும் தோல் துடித்தாலோ, முதுகைத் தாழ்த்தினாலோ மறுநாள் சுமை கிடையாது.

ஒருமுறை இருட்டிவிட்டது என்று நான் தடவாமல் விட்டேன். சாக்குத் தையலின் ஒரு முடிச்சு, புளியங்கொட்டை அளவுகூட இல்லை, மெத்தைக்கு அடியில் மாட்டியிருந்தது. மறுநாளும் பொதி ஏற்றினேன். மூன்றாம் நாள் தோல் கிழிந்தது. ஆற இரண்டு மாதம், அந்த இரண்டு மாதமும் கூலி இல்லை.

புண் வந்தால் உப்புத் தண்ணீரில் கழுவி, சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவுங்கள், ஈ அண்டாது. கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசி கேளுங்கள். குதிரை இனத்தை ரணஜன்னி (டெட்டனஸ்) சீக்கிரம் பிடிக்கும்.

சந்தையில் வாங்கும்போதும் முதலில் முதுகைத்தான் பார்ப்பேன். வெள்ளை முடித் திட்டு இருந்தால் அங்கே ஒருகாலத்தில் சேணம் தின்றிருக்கிறது. பல்லைக் காட்டி விலை சொல்வார்கள், நீங்கள் அந்தத் திட்டைக் காட்டிக் குறைத்துக் கேளுங்கள்.