தீனோஸ் தீவில் செய்யக்கூடாத தவறுகள்

தீனோஸ் கிரேக்க நாட்டுத் தீவு. பக்கத்துத் தீவு மிக்கோனோஸ் என்பதால், அங்குள்ள கேளிக்கையைத் தேடிக்கொண்டு தீனோஸில் இறங்குகிறவர்கள் உண்டு. முதல் தவறே அதுதான். கிரேக்கர்களுக்கு இது மாதா குடியிருக்கும் தலம். 1823-இல் இங்கே மண்ணுக்கடியிலிருந்து எடுத்த மாதா படம், துறைமுகத்துக்கு மேலே மேட்டில் இருக்கும் எவாங்கெலிஸ்திரியா கோயிலில் இருக்கிறது.

துறைமுகத்திலிருந்து ஏறும் சாலையின் ஓரத்தில் நீளக் கம்பளம் போட்டிருக்கும். வேண்டுதல் உள்ளவர்கள் அதில் முழங்காலிட்டே கோயில் வரை போகிறார்கள். வெயிலில் ஒருவர் கையை ஊன்றி, மூச்சு வாங்கி, மறுபடி ஒரு முழம் நகரும்போது படமெடுக்க அவர் முகத்துக்கு நேரே சிலர் செல்பேசியை நீட்டுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கம்பளத்தின் மேல் செருப்போடு நடப்பதும் தவறு. உள்ளே விளக்குகளுக்குக் கீழே வெள்ளியில் செய்த கப்பல், கை, கால் எல்லாம் தொங்கும். கோயிலில் உரு சாத்துகிற நமக்கு அதன் பொருளை யாரும் சொல்ல வேண்டியதில்லை. தோளும் முழங்காலும் மறைய உடுத்திப் போங்கள்.

ஆகஸ்ட் 15 மாதாவின் திருநாள். அறை பிடிக்காமல் அந்த வாரத்தில் போனால் தெருவில்தான் படுக்க வேண்டியிருக்கும். 1940-இல் அதே நாளில், துறைமுகத்துக்கு வெளியே நின்ற 'எல்லி' என்ற கிரேக்கப் போர்க்கப்பலை இத்தாலிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. ஆகவே அங்கே திருநாளோடு துக்கமும் சேர்ந்தே வரும்.

கோடையில் வடக்கிலிருந்து மெல்தெமி என்ற காற்று வீசும். அது வலுத்தால் கப்பல் ஓடாது. தீவிலிருந்து கிளம்பும் அன்றைக்கே ஏதென்ஸில் விமானம் ஏறலாம் என்று டிக்கெட் எடுக்காதீர்கள். நடுவில் ஒரு நாளாவது விடுங்கள்.

பேச்சில் நம் ஆட்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. 'நே' என்றால் 'ஆமாம்'. நம் காதுக்கு அது மறுப்பாகவே விழும். தலையை மேலே உயர்த்தி நாக்கைத் தட்டினால் 'இல்லை'. அதைவிட முக்கியம் கை. கடையில் ஐந்து வேண்டும் என்று ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையைக் கடைக்காரர் முகத்துக்கு நேரே காட்டினால், அது 'மூட்சா' என்ற கடும் வசை. உள்ளங்கையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுங்கள்.

கழிப்பறையில் காகிதத்தைக் குழிக்குள் போடாமல் பக்கத்திலுள்ள கூடையில் போடுங்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். கோடைப் பிற்பகல் 3 மணியிலிருந்து 5.30 வரை சட்டப்படியே அமைதி நேரம். வீட்டு வாசலில் நின்று உரக்கப் பேசாதீர்கள்.

கடற்கரையோடு திரும்பிவிடுவதும் பெரிய இழப்பு. பஸ் ஏறிப் பிர்கோஸ் என்ற சலவைக்கல் ஊருக்குப் போங்கள். சிற்பி யானூலிஸ் ஹலேபாஸ் 1851-இல் பிறந்த ஊர் அது. தீனோஸின் சலவைக்கல் வேலையை 2015-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே வீட்டு நிலைகளுக்கு மேலே அரைவட்டச் சலவைக்கல்லில் பாய்மரக் கப்பலும் பறவையும் கொத்தியிருப்பார்கள். ஒவ்வொரு வாசலாக அண்ணாந்து பாருங்கள்.