மாடல் என்ஜின் லைனரில் தண்ணீர் கசியாமல் இருக்க

லைனர் என்பது பிஸ்டன் ஓடும் உருளைக் குழாய், அதைச் சுற்றித்தான் குளிர்விக்கும் தண்ணீர் நிற்கும். அதன் மேல் விளிம்பை, என்ஜின் மூடிக்கு அடியில் வைக்கும் ஹெட் கேஸ்கெட் அழுத்திக்கொள்ளும், அந்த விளிம்பு பிளாக்கை (என்ஜின் உடலை) விட 0.05 மி.மீ. தூக்கலாக இருந்தால் போதும். வம்பெல்லாம் கீழ்ப்பக்கம்தான். அங்கே 2 மி.மீ. தடிமனுள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போடுவதென்றால், லைனருக்கும் துளைக்கும் உள்ள இடைவெளியையும் சேர்த்து ரிங் உட்காரும் காடி (பள்ளம்) 1.5 மி.மீ. ஆழம், 2.7 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். மதுரை கப்பலூர் பக்கம் லேத் பட்டறையில் கொடுத்தால் இதை எழுதியே கொடுங்கள், "ரெண்டுக்கு ரெண்டு சரியா இருக்கும்ணே" என்று வெட்டிவிட்டால் அப்புறம் ரிங் நசுங்காது, நசுங்காத ரிங் தண்ணீரை நிறுத்தாது. நைட்ரைல் ரப்பர் ரிங்கே தாராளம். துளையின் வாய் கூராக இருந்தால் ரிங்கைச் சீவி கறுப்பு நூலாக வெளியே தள்ளும், அதனால் எமரித் தாளால் மழுக்கி, துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவி நேராக அழுத்துங்கள். சிலிகான் பேஸ்ட் அப்புவது எனக்குப் பிடிக்காது, கழற்றும்போது தெரியும் அந்த அவஸ்தை. பிஸ்டன் போடுமுன் ஜாக்கெட்டில் (லைனரைச் சுற்றியுள்ள தண்ணீர் அறையில்) தண்ணீர் நிரப்பி ராத்திரி விட்டு, காலையில் லைனருக்குக் கீழே உள்ள கிராங்க்கேஸுக்குள் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டினால் ரிங்கை மாற்ற வேண்டியதுதான்.