ஏழாவது ஆளுக்குத் திறக்காத கணக்கு

பாம்பனில் தமிழ் விக்கிப்பீடியா பயிற்சிக்கு முதலில் ஞாயிறு காலையைக் குறித்தேன். பாதிப் பேர் பூசைக்குப் போய்விட்டார்கள். வந்தவர்கள் 3 பேர். சரி என்று விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்துக்கு (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை) மாற்றி, வலை சீர்செய்யும் கொட்டகையிலேயே மாலையில் உட்கார்ந்தோம். 11 பேர்! எல்லாருக்கும் என் கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான். ஏழாவது தம்பிக்கு விக்கிப்பீடியா கணக்கு திறக்கவே இல்லை. ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் எண்; என் ஹாட்ஸ்பாட்டில் எல்லாருக்கும் அது ஒன்றுதான்) ஒரு நாளைக்கு 6 புதிய கணக்குகள்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மிச்சப் பேரை அவரவர் டேட்டாவில் முயலச் சொன்னேன், திறந்துவிட்டது. இப்போதெல்லாம் முந்தின நாளே வீட்டில் கணக்கைத் தொடங்கிவிட்டு வரச் சொல்கிறேன். அப்புறம், எழுதத் தயங்கிய ஓர் அண்ணன் தானே எடுத்த மீன் படத்தை விக்கிமீடியா பொதுவகத்தில் (விக்கிப்பீடியாவுக்கான படங்கள் சேரும் தளம்) ஏற்றினார். அது வஞ்சிரமா, சீலாவா, நெய்மீனா என்ற சண்டையில் ஒரு மணி நேரம் போனது.