களிம்பு தோலோடு நின்றுவிடுவதில்லை

"வெளியில தடவுறதுதானே, என்ன ஆகப்போகுது?" என்ற நினைப்பில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. மருந்தைத் தடுத்து நிறுத்தும் தோலின் மேலடுக்கு, உடலின் பெரும்பகுதியில் 10 முதல் 20 மைக்ரான் கனம்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இறந்த செல்களுக்கு இடையே கொழுப்பு பூசிய சுவர் அது. கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறுகள் அந்தக் கொழுப்பின் வழியே ஊடுருவி ரத்தத்தை எட்டிவிடும்.

எல்லா இடத்திலும் சுவர் ஒன்றுபோல் இருக்காது. முன்கையில் தடவிய ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு உள்ளே போகும் அளவை 1 என்று வைத்தால், நெற்றியில் சுமார் 6, தாடையில் 13, விதைப்பையில் 42. கைக்கு எழுதிக்கொடுத்த ட்யூபை முகத்துக்கும் தொடையிடுக்குக்கும் போடக் கூடாது என்பது இதனால்தான்.

நம் ஊரில் அதிகம் கெடுவது படர்தாமரை. மெடிக்கலில் கேட்டு வாங்கும் ட்யூபில் பூஞ்சை மருந்தோடு க்ளோபெட்டசாலோ பீட்டாமெத்தசோனோ போன்ற ஸ்டீராய்டும் கலந்திருக்கும். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும். குணமாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் ஸ்டீராய்டு அடக்கியது தோலின் எதிர்ப்பை. பூஞ்சை உள்ளே தாராளமாக வளர்கிறது. நிறுத்தியதும் முன்பைவிட அகலமாகத் திரும்பும், வளையத்தின் விளிம்பு கலைந்துவிடுவதால் நோயை அடையாளம் காண்பதே கடினமாகும். தொடையிடுக்கில் தோல் மெலிந்து விழும் வரித்தழும்புகள் பிறகு மறைவதில்லை. 2018-ல் பல ஸ்டீராய்டு களிம்புகள் ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் வந்தன. அதில் உள்ளவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. வாங்குமுன் அட்டையில் உள்ள மருந்துப் பெயர்களைப் படியுங்கள். மாதக்கணக்கில் ஏற்கெனவே போட்டுவந்தவர்கள் தாங்களாகச் சட்டென்று நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.

அளவுக்கு விரல் நுனிக் கணக்கு போதும். பெரியவரின் ஆள்காட்டி விரலில் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் ஏறத்தாழ 0.5 கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். க்ளோபெட்டசால் என்றால் வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல் கூடாது, இடைவிடாமல் இரண்டு வாரம்தான்.

தடவிய இடத்தை பிளாஸ்டிக்கால் மூடினால் உறிஞ்சுதல் பலமடங்கு ஏறும். குழந்தையின் டயப்பரும் அதே வேலையைத்தான் செய்கிறது. போதாததற்கு, எடையோடு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோல் பரப்பு அதிகம். டைக்ளோஃபெனாக் என்ற வலி ஜெல் தடவிய முழங்காலை இறுகக் கட்டுவதும், அதன்மேல் ஒத்தடம் கொடுப்பதும் வேண்டாம்.

வலித்தைலங்களில் உள்ள மெத்தில் சாலிசிலேட்டும் ரத்தத்தில் கலக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் அதைத் தினமும் தேய்த்தால் ரத்தக்கசிவு கூடலாம். மருத்துவரிடம் மாத்திரைகளைச் சொல்லும்போது தைலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.